போனை வாத்தியமாக வாசிக்கிறவர்களுக்கு: சத்தம் பிழைத்தால் எங்கே பார்ப்பது

எங்கள் பயிற்சி யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிறது. ஒரு வயலின், ஒரு மிருதங்கம், இரண்டு பாட்டுக்காரர், அதோடு ஐந்து போன்கள். ஒரு போனில் தம்புரா ஓடும், ஒன்றில் கஞ்சிராவும் மோர்சிங்கும் விரலால் தட்டி வாசிப்போம், இன்னொன்று கீபோர்ட், மற்றொன்று வயலினை உள்ளே எடுத்து எதிரொலி சேர்த்து வெளியே விடும், ஐந்தாவது பதிவுக்கு. கீபோர்ட்டோ சுருதிப்பெட்டியோ வாங்க வசதியில்லாத பிள்ளைகள் கையிலும் ஒரு போன் இருக்கிறது, அதை ஒழுங்காக வைத்திருந்தால் அது உண்மையான வாத்தியம்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் பிழைக்கும்போது என்ன பிழை என்று தெரியாமல் "போன் சரியில்லை" என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் என்ன கேட்கிறதோ அதை வைத்தே எழுதுகிறேன், உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேரே போங்கள்.

எந்தப் பிழைக்கும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சார்ஜரைக் கழற்றுங்கள், புளூடூத்தை நிறுத்துங்கள், வயர் வைத்த ஒரு சாதாரண ஹெட்செற்றைச் செருகி அதே அப்பை வாசித்துப் பாருங்கள். ஹெட்செற்றில் சத்தம் சரியாக வந்தால் பிழை போனுக்கு வெளியே, அதாவது வயரில், ஸ்பீக்கர் பெட்டியில், மின்சாரத்தில். ஹெட்செற்றிலும் பிழைத்தால் பிழை உள்ளே. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் செற்றிங்ஸுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் பிறகு எதை மாற்றினோம் என்றே தெரியாது. மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

"தட்டினால் சத்தம் பிந்தி வருகிறது"

பத்தில் எட்டுப் பேர் என்னிடம் கேட்பது இதுதான். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: எதில் கேட்கிறீர்கள்? புளூடூத் ஹெட்செற், புளூடூத் பெட்டி என்றால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. போன் சத்தத்தைச் சுருக்கிப் பொதி பொதியாக அனுப்புகிறது, அந்தப் பக்கம் அது இடையில் அறுந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடுகிறது, சாதாரண புளூடூத்தில் இதற்கே 150, 200 மில்லிசெக்கன் போய்விடும். இது எவ்வளவு என்று தாளத்தில் பாருங்கள். நிமிடத்துக்கு 80 என்ற காலத்தில் ஒரு அட்சரம் 750 மில்லிசெக்கன், சதுஸ்ரத்தில் அதை நாலாகப் பிரித்தால் ஒரு சொல்லுக்கு 187. அதாவது நீங்கள் "தகதிமி"யில் "த" தட்டினால் அது "க" விழ வேண்டிய இடத்தில் கேட்கும். எப்படிப்பட்ட விரலாக இருந்தாலும் இதை வைத்து வாசிக்க ஏலாது.

"படம் பார்க்கும்போது வாயும் சத்தமும் பொருந்தித்தானே இருக்குது?" என்று கேட்பார்கள். படத்தைக் காட்டும் அப் படத்தையும் அதே அளவு பிந்த வைத்துச் சரிக்கட்டி விடுகிறது. உங்கள் விரலைப் பிந்த வைக்க அதனால் முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். தம்புராவுக்கு மட்டும் புளூடூத் தாராளமாகப் போதும், அது தொடர்ந்து ஒலிப்பது, கால் செக்கன் பிந்தி வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

வயரில் கேட்டும் பிந்துகிறதா? அளந்து பாருங்கள், ஊகிக்க வேண்டாம். இன்னொரு போனில் பதிவு அப்பைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். வாசிக்கும் போனைப் பெட்டியோடு வயரில் இணைத்துவிட்டு, விரல் நகத்தால் கண்ணாடியைக் கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள். பதிவில் இரண்டு சத்தம் இருக்கும்: முதலில் நகம் கண்ணாடியில் பட்ட "டிக்", பிறகு அப் எழுப்பிய "தொம்". அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ஒரு மெல்லிய ஊசி, ஒரு வெற்றிடம், அதற்குப் பிறகு ஒரு தடித்த முடிச்சு என்று தெரியும். அந்த வெற்றிடத்தின் நீளம்தான் உங்கள் தாமதம். பத்துத் தடவை தட்டிச் சராசரி எடுங்கள், ஏனென்றால் தொடுதிரை ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் பதில் சொல்வதில்லை.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? காற்றில் ஒலி ஒரு மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் போகும். மேடையில் உங்களுக்கு மூன்றரை மீற்றர் தள்ளி இருக்கும் மிருதங்கமே 10 மில்லிசெக்கன் பிந்தித்தான் உங்கள் காதுக்கு வருகிறது, அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. என் அனுபவத்தில் 20, 30 வரை விரல் பழகிக்கொள்ளும், 50க்கு மேலே போனால் கீபோர்ட்டில் மெதுவான பாட்டு வாசிக்கலாம், கஞ்சிரா வாசிக்க முடியாது, 100 தாண்டினால் அந்தப் போனைத் தம்புராவுக்கும் சுருதி பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள், அதுவும் தேவையான வேலைதானே.

குறைப்பதற்கு: அப்பின் ஓடியோ செற்றிங்ஸில் பஃபர் அளவை, அதாவது போன் ஒரு தடவைக்குக் கணக்குப் போட்டு வைக்கும் சத்தத் துண்டின் அளவைக் குறையுங்கள். மாதிரி வேகம் (ஒரு செக்கனுக்குச் சத்தத்தை எத்தனை தடவை அளக்கிறது என்பது) கேட்டால் 48000 கொடுங்கள், பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்கள் உள்ளே அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன, 44100 கொடுத்தால் அதை மாற்றும் வேலை இடையில் வந்து, வேகமான பாதையை விட்டுச் சத்தம் சுற்றுப் பாதையில் போய்விடலாம். ஏஆடியோ, ஓபோ (அன்ட்ரொயிட்டில் சத்தத்தை வேகமாக வெளியே விடும் வழிகள்) என்று தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். ஏஆடியோ 2017இல் அன்ட்ரொயிட் 8உடன் வந்தது, அதற்கு முந்திய போன்களில் தாமதம் பெரிதாக இருந்தால் உங்கள் கையில் செய்யக் கூடியது கொஞ்சம்தான். போனில் டொல்பி, ஈக்குவலைசர், சத்தம் கூட்டும் மேம்பாடு எதுவும் இருந்தால் நிறுத்துங்கள், பாட்டுக் கேட்க நல்லது, வாசிக்கும்போது அது பாதையில் இன்னொரு தரிப்பிடம். ஐபோன் இந்த விஷயத்தில் தொடக்கத்திலிருந்தே முன்னுக்கு நின்றது, 2008இலேயே மைக்கில் ஊதி வாசிக்கும் ஒக்கரீனா அப் அதில் வந்துவிட்டது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் போன்களை மட்டும் வைத்து ஒரு வாத்தியக் குழுவே 2007இல் தொடங்கினார்கள்.

"கர் கர் என்று வெடிக்கிறது"

முதலில் இது எந்த வெடிப்பு என்று பிரித்துப் பாருங்கள். அப்பின் ஒலியளவைப் பாதியாகக் குறையுங்கள். வெடிப்பு நின்றால் அது அளவு மிஞ்சிய சத்தம், அலையின் தலை வெட்டுப்படுகிறது, குறைத்து வைத்துவிட்டுப் பெட்டியில் கூட்டுங்கள். குறைத்தும் நிற்கவில்லையா, செருகியை விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள், உருட்டும்போது மாறினால் வயர் அல்லது ஓட்டைக்குள் தூசி. எங்கள் செம்மண் புழுதிக்கு இது அடிக்கடி நடக்கும்.

இரண்டும் இல்லையென்றால் பஃபர் வற்றுகிறது. பஃபர் 256 என்று வைத்திருந்தால், 48000இல் அது 5.3 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் போன் அடுத்த துண்டுச் சத்தத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், ஒரு தடவை பிந்தினாலும் அந்த இடத்தில் ஓட்டை விழும், அதுதான் நீங்கள் கேட்கும் "கர்". பஃபரை ஒரு படி கூட்டுங்கள், 512 என்றால் 10.7 மில்லிசெக்கன், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். எதிரொலியை நிறுத்திப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். பற்றரி சேமிப்பு கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

இதில் ஒன்று எனக்குக் கனகாலம் விளங்காமல் இருந்தது. வேகமாக நெருக்கி வாசிக்கும்போது ஒன்றும் இல்லை, ஆறுதலாக விட்டு விட்டு வாசித்தால் வெடிக்கிறது. போன் பற்றரியை மிச்சம் பிடிக்க, வேலை குறைந்தால் உடனே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, நீங்கள் திடீரென்று ஒரு கொத்துச் சுரத்தைத் தட்டும்போது திரும்ப வேகமெடுக்க அதற்கு நேரம் போதவில்லை. போனில் "உயர் செயல்திறன்" என்று ஒரு நிலை இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அதே அப்பில் காதுக்குக் கேட்காத அளவு மெல்லிய ஒரு சுரத்தைத் தொடர்ந்து ஓடவிடுங்கள், போன் தூங்கப் போகாது. நாங்கள் கீபோர்ட் போனில் இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

"சுருதி சேரவில்லை"

எவ்வளவு சேரவில்லை என்பதிலேயே காரணம் இருக்கிறது, இன்னொரு போனில் சுருதி பார்க்கும் அப்பைத் திறந்து சென்ட்டில் (ஒரு அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) பாருங்கள்.

ஏறத்தாழ முக்கால் கட்டை, கணக்காகச் சொன்னால் 147 சென்ட் விலகி இருந்தால், 44100இல் பதிந்த சத்தத்தை 48000 என்று நினைத்து அப் ஓட்டுகிறது, அல்லது மறுவளமாக. பதிந்த தாளத்தின் காலமும் அதே விகிதத்தில் மாறியிருக்கும், அதை வைத்து உறுதிப்படுத்தலாம். அப்பை முழுதாக மூடித் திறங்கள், அதற்கும் சரிவராவிட்டால் மாதிரி வேகத்தைக் கையால் மாற்றுங்கள்.

32 சென்ட் இறங்கி இருந்தால் யாரோ அப்பின் அடிப்படைச் சுருதியை 440 ஹேர்ட்ஸிலிருந்து 432க்கு மாற்றியிருக்கிறார்கள். சிறுபிள்ளைகள் போனை வாங்கி விளையாடிய பிறகு பார்க்க வேண்டிய இடம் இது.

ஸட்ஜம் சரி, பஞ்சமமும் சரி, அந்தர காந்தாரம் மட்டும் கூர்மையாகக் குத்துகிறது என்றால் உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. கீபோர்ட்டின் சம இடைவெளிச் சுருதியில் அது 400 சென்ட், தம்புராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரம் 386. இந்த 14 சென்ட்டைப் பிழை என்று அப்பைக் குறை சொல்ல முடியாது. சில அப்களில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் திருத்தும் இடம் இருக்கிறது, அதில் காந்தாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கும்போது நான் கீபோர்ட்டை மூடி வைத்துவிட்டுத் தம்புராவை மட்டும்தான் ஓடவிடுவேன், காது முதலில் அதில் ஊற வேண்டும்.

புல்லாங்குழலோடு வாசிப்பவர்களுக்கு: போனின் சுருதி வெயிலுக்கு மாறாது, குழலின் சுருதி மாறும். காற்று ஒரு பாகை சூடானால் குழல் ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். காலையில் சேர்த்த சுருதியை மத்தியானம் திருப்பிச் சேர்க்கத்தான் வேண்டும், அப்பில் சென்ட் சென்ட்டாக ஏற்றும் இடம் அதற்குத்தான்.

தம்புராவின் மந்தர ஸட்ஜம் போனின் சொந்த ஸ்பீக்கரில் மெலிந்து கேட்பது பிழையே அல்ல. அது மிகவும் கீழான சுரம், அந்தச் சிறு ஸ்பீக்கரில் அவ்வளவு கீழே அநேகமாக ஒன்றும் வராது, அதன் மேல் சுரங்களைத்தான் கேட்கிறீர்கள். நல்ல பெட்டியில் போடுங்கள்.

"மைக்கில் வயலின் வந்து வந்து போகிறது"

நீண்ட ஒரு சுரத்தை இழுத்தால் தொடக்கம் நன்றாகக் கேட்டு, இரண்டு மூன்று செக்கனில் தண்ணீருக்குள் போனது போல் மங்கிவிடும். தம்புரா போட்டுக்கொண்டு பாடினால் பாட்டு மட்டும் வரும், தம்புராவைக் காணவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள்.

போன் கதைப்பதற்காகச் செய்யப்பட்டது. கதைக்கும் குரல் விட்டு விட்டு வரும், மின்விசிறியின் இரைச்சல் மாறாமல் ஒரே மாதிரி வரும், ஆகவே மாறாமல் வருவதெல்லாம் இரைச்சல் என்று எடுத்து அழிக்கப் போன் பழக்கப்பட்டிருக்கிறது. தம்புராவும் மாறாமல்தானே வருகிறது. இழுத்த வயலின் சுரமும் அப்படியே. அதோடு மெல்லிய சத்தத்தைத் தூக்கிப் பெரிய சத்தத்தை அமத்தும் வேலையும் சேர்ந்துகொள்வதால் சங்கதியின் ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும்.

அப்பில் மைக்கின் வகையைத் தெரிவு செய்யும் இடத்தைத் தேடுங்கள். "பதப்படுத்தாதது" என்ற பொருளில் ஒன்று இருக்கும், அன்ட்ரொயிட் 7இலிருந்து இது உண்டு, ஆனால் எல்லாப் போனும் அதைத் தருவதில்லை. அன்ட்ரொயிட் 10இல் நேரடியாகப் பாடுவதற்கென்றே இன்னொரு வகையும் சேர்த்தார்கள். இரண்டும் இல்லாவிட்டால் "குரல் அறிதல்" என்பதை எடுங்கள், அதில் கைவைப்பு குறைவு. சூமில் வகுப்பு எடுப்பவர்கள் ஓடியோ செற்றிங்ஸில் "இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி" என்பதைப் போட வேண்டும், ஆசிரியரும் போட வேண்டும், பிள்ளையும் போட வேண்டும்.

ஆனால் தூரத்தில் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து ஒரே தாளத்தில் பாட முயற்சிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கு மேல், கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும், ஆக ஒரு வழிக்கே 65 மில்லிசெக்கனுக்குக் குறைய முடியாது, உண்மையில் அதைவிடக் கனக்கப் போகும். எந்த செற்றிங்ஸும் இதை மாற்றாது. நீங்கள் பாடி நிறுத்துங்கள், பிறகு பிள்ளை பாடட்டும். அந்தப் பக்கம் தாளம் போடுவதைப் பார்த்துப் பிள்ளை பிந்துகிறது என்று ஏசாதீர்கள், பிந்தியது இணையம்.

மைக்கும் பெட்டியும் ஒரே இடத்தில் இருந்து ஊளையிட்டால், பெட்டியை மைக்குக்கு முன்னுக்குத் தள்ளி மறுபக்கம் திருப்புங்கள். பயிற்சியில் ஹெட்செற் போடுங்கள். அவ்வளவுதான்.

"ம்ம்ம் என்று இரைகிறது"

சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா? நின்றால் முடிந்தது, பற்றரியிலேயே வாசியுங்கள், நீண்ட நிகழ்ச்சிக்குப் பவர் பாங்க். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், இரைச்சலில் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100 தூக்கலாகக் கேட்கும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 100 ஹேர்ட்ஸ் என்பது 5 கட்டை ஸட்ஜத்துக்கு, ஒரு ஸ்தாயி கீழே, 35 சென்ட் மேலே நிற்கிறது. பெண்பிள்ளைகள் கனபேர் பாடுவது அந்தக் கட்டையில்தான். இரைச்சல் மெல்லியதாக இருந்தாலும் சுருதிக்குப் பக்கத்தில் நின்று உராய்ந்துகொண்டே இருக்கும், பாடுகிற பிள்ளைக்கு ஏனென்று தெரியாமல் சுருதி பிடிபடாது. ஆகவே "சின்ன இரைச்சல்தானே" என்று விடாதீர்கள்.

"டிட் டிட் டிட்" என்று துடிப்பாக வந்தால் அது போனின் ரேடியோ, பழைய 2ஜி அலை வயரில் ஏறுகிறது. விமான நிலையில் போடுங்கள்.

"ஹெட்செற்றில் சரி, மேடையில் தம்புரா இல்லை"

ஒரு கோயில் திருவிழா மேடை, பெயர் வேண்டாம். போனிலிருந்து வயர் மிக்ஸருக்குப் போனது, பின்னால் ஏதோ எதிரொலி மட்டும் தூரத்தில் கேட்கிறது, தம்புராவின் உடல் இல்லை. "அண்ணை, தம்புரா கேக்கேல்லை" என்றேன். "தம்பி, லைற் எரியுது, சத்தம் வருகுது" என்றார் சவுண்ட் அண்ணை, அவர் சொன்னதும் உண்மைதான், மிக்ஸரில் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஹெட்செற்றைச் செருகிப் பார்த்தேன், வடிவாகக் கேட்டது. அப்போதுதான் செருகியைப் பார்த்தேன்: போனின் ஸ்ரீரியோ வயரின் மறுமுனையில் மூன்று வளையம் உள்ள பெரிய செருகி, அது மைக்குக்கான சமநிலை ஓட்டையில் இருந்தது.

அந்த ஓட்டை ஒரு முனையிலிருந்து மற்றதைக் கழிக்கும். மைக் வயரில் ஏறும் இரைச்சலை அழிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். போன் அனுப்புவதோ இடப் பக்கம், வலப் பக்கம் என்று இரண்டு. இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதெல்லாம் கழிபட்டுப் பூச்சியம், இரண்டிலும் வேறுபடும் எதிரொலி மட்டும் மிஞ்சும். தம்புரா நடுவில் இருந்ததால் முழுதாக மறைந்துவிட்டது. ஒரு முனை போனுக்கும், மறுமுனையில் இரண்டு தனிச் செருகியும் உள்ள வயரைப் பாவித்து இரண்டு ஓட்டையில் போடுங்கள், அல்லது ஒன்றை மட்டும் செருகி அப்பில் சத்தத்தை மோனோ ஆக்குங்கள். அந்த வயர் இப்போது எப்போதும் என் பையில் இருக்கிறது, மேடைக்குப் போகும் எவருக்கும் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்.

ஹெட்செற்றிலேயே குரல் உள்ளீடற்றுக் கேட்டு, வயரிலுள்ள பொத்தானை அமத்தினால் சரியாகிறது என்றால், செருகியின் நாலு வளையங்களின் ஒழுங்கு போனோடு பொருந்தவில்லை. வேறு ஹெட்செற். ரைப் சி ஓட்டை மட்டும் உள்ள போனில் மலிவான அடப்டர் போட்டுச் சத்தமே வராவிட்டால், உள்ளே சில்லு உள்ள அடப்டர் வாங்க வேண்டும், வெறும் வயர் அடப்டர் எல்லாப் போனுக்கும் பொருந்தாது.

"வாசிக்கும்போது திடீரென்று நிற்கிறது"

அழைப்பு வந்தால் போன் சத்தத்தை அப்பிடமிருந்து பறித்துக்கொள்ளும், வட்ஸ்அப், வைபர் அழைப்பும் அப்படித்தான். மேடைக்கு முதல் விமான நிலை, வைஃபையும் நிறுத்தம். திரை அணைந்ததும் நின்றால், பற்றரி செற்றிங்ஸில் அந்த அப்பைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குங்கள், திரை அணையும் நேரத்தையும் கூட்டுங்கள்.

மூன்று விரலால் கோர்ட் பிடிக்கும்போது திரையைப் படம் எடுத்துக்கொண்டு சுரம் அறுகிறதா? அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் மூன்று விரல் இழுப்பு திரையைப் படம் எடுக்கும் சைகை, அதை நிறுத்துங்கள். ஓரத்தில் விரல் பட்டு அப் வெளியே போனால் அன்ட்ரொயிட்டில் திரையைப் பின் பண்ணும் வசதியும் ஐபோனில் வழிகாட்டிய அணுகலும் இருக்கிறது, போட்டுவிட்டால் கை எங்கு பட்டாலும் அப் வெளியே போகாது.

சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் வாசிப்பவர்களுக்கு: ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் உச்சச் சூழல் வெப்பம் 35 பாகை, எங்கள் மத்தியானம் அதைச் சும்மா தொடும். சூடேறினால் போன் வேகத்தைக் குறைக்கும், முதலில் "கர்", பிறகு திரை மங்கும், பிறகு நிற்கும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், வாசிக்காத நேரம் நிழலில் காற்றுப்பட வையுங்கள். வியர்த்த விரல் பட்டால் ஈரத்தையும் விரல் என்று போன் எண்ணும், தட்டாத சுரம் ஒலிக்கும், தட்டியது ஒலிக்காது. மிருதங்கக்காரர் பக்கத்தில் துணி வைத்திருப்பது போல நீங்களும் ஒரு துண்டு பருத்தித் துணியை மடித்துத் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் கையையும் கண்ணாடியையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.